எனக்கு நானே ஊதிய சங்கு

நம் வகுப்பு லீடர் பொய் சொல்கிறான்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. இப்போது நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் அவன், கடற்கரையில் நான் சங்கு ஊதுகிற படத்தை நம் பழைய மாணவர் குழுவில் போட்டிருக்கிறான். "நம் வகுப்புப் பெண். இழுப்பு வந்து செத்துப் பிழைத்தவள். சங்கு ஊதியே குணமானாள். மாத்திரையும் இல்லை, வாயில் இழுக்கிற பம்பும் இல்லை" என்று அதன் கீழே எழுதியிருக்கிறான். அதே படம் அவன் கடை வாசலிலும் ஒட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே சங்கும் ஒரு பொட்டலம் பொடியும் விற்பனைக்கு இருக்கின்றன. குழுவில் உங்களில் முப்பது பேர் அந்தப் படத்துக்குக் கும்பிடு போட்டிருந்தீர்கள். "இது நிஜமா" என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாம் எல்லாரும் அறுபதைத் தாண்டிவிட்டோம். மாடி ஏறினால் உங்களுக்கும் மேல்மூச்சு வாங்குகிறது. அதனால் படியுங்கள்.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம். பள்ளி திறந்து சில வாரங்களிலேயே நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன், நினைவிருக்கிறதா? வகுப்பில் என் நெஞ்சு விசில் அடித்தது. நீங்கள் சிரித்தீர்கள். பெரிய டீச்சர், அதுதான் நம் தலைமையாசிரியை, என் அப்பாவை வரச் சொல்லி முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"பிள்ளைக்கு இங்கன வச்சு ஒண்ணு ஆச்சின்னா நான்லா பதில் சொல்லணும்? டி.சி.யை வாங்கிட்டுப் போயிருங்க அண்ணாச்சி."

அப்பா கெஞ்சினார். கடைசியில் டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். காலைப் பிரேயரில் நான் முன்னால் நின்று, நடுவில் இளைக்காமல், உறுதிமொழியை முழுக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் சேர்த்துக்கொள்வார். ஆடி முடிவதற்குள் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் படிப்பை நிறுத்திய எந்தப் பெண்ணும் திரும்பப் பள்ளிக்குப் போனதில்லை. என் அத்தைக்கு ஒரு வருஷம் அம்மை போட்டது. அதோடு அவளுக்கு நான்காம் வகுப்பு முடிந்தது. எனக்கும் அதுதான் கதி என்று பதினொரு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாற்றத்துக்குப் பயந்து நீங்கள் எங்கள் தெருப்பக்கமே வரமாட்டீர்கள். அப்பா சங்கு வியாபாரி. கடலில் முங்கி எடுத்துவருகிறவர்களிடம் சங்கு வாங்கி, முற்றத்தில் குவித்து, சதை அழுகி விழும்வரை போட்டு வைப்பார். பின்கட்டில் சித்தப்பா சாணை வைத்திருந்தார். சங்கை அறுப்பதும் தேய்ப்பதும் மெருகு போடுவதும் அங்கேதான். கிர்ர்ரென்று ஓடும் அந்தச் சாணையிலிருந்து வெள்ளைத் தூள் கிளம்பி வீடு முழுக்கப் படியும். சோற்றுப் பானை மூடியில், காயப்போட்ட பாவாடையில், என் கண் இமையில் என்று தூள் இல்லாத இடம் கிடையாது. ஆடிக் காற்று அடிக்கிற மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். காலையில் கூட்டினால் மத்தியானம் மறுபடி வெள்ளையாகக் கிடக்கும்.

யாரும் அதைக் குறை சொன்னதில்லை. சங்கு என்றால் மகாலட்சுமி. சங்கை இழைத்து முகத்தில் பூசுவார்கள், சங்கில் பால் புகட்டுவார்கள். அதன் தூள் எப்படிக் கெடுதல் செய்யும்? மூக்கில் ஏறினாலும் புண்ணியம்தான் என்று நினைத்தார்கள்.

எனக்கு இழுப்பு வந்தால் அம்மா செய்கிற வைத்தியம் இது. காற்று ஆகாது என்று சன்னலை எல்லாம் அடைப்பாள். வேப்பிலையையும் சாம்பிராணியையும் நெருப்பில் போட்டு அறையைப் புகையால் நிரப்புவாள். நான் உள்ளே கிடந்து இருமுவேன். இருமல் கூடக்கூட, "சளி இளகுது" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த மணம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். அதுதான் பெரிய கொடுமை.

அப்பா வேறு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். அவருக்குச் சங்கு கொண்டுவரும் ஒரு குளியாள் இருந்தார். நாம் எண்ணி எண்ணிக் களைத்துப்போகிற நேரம் கடலுக்கு அடியில் இருந்துவிட்டு மேலே வருகிறவர். மூச்சைப் பற்றி அவருக்குத் தெரியாததா என்று அப்பா அவரிடம் யோசனை கேட்டார்.

"அடக்கிப் பழகச் சொல்லுங்க அண்ணாச்சி. மூச்சை அடக்க அடக்க நெஞ்சுக்கூடு விரியும். என்னையப் பாரும், தோணி மாதிரி இருக்கேம்லா."

அன்றிலிருந்து தினமும் காலையில் பித்தளைச் சட்டியில் தண்ணீர் ஊற்றி என் முகத்தை அதில் அமுக்கினார்கள். அப்பா எண்ணுவார். பத்துவரை வந்தால் ஒரு துண்டு கருப்பட்டி. கருப்பட்டிக்கு ஆசைப்பட்டு அடக்கினேன். நெஞ்சு வெடிப்பதுபோல வலிக்கும். வலித்தால் விரிகிறது என்று அர்த்தம் என்றார் அப்பா.

ஆடி பாதி முடிந்த ஒரு நாள். காலையிலிருந்தே நெஞ்சில் விசில் இருந்தது. பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"விடிய விடிய இழுத்துக்கிட்டே கெடக்கு அந்தப் பிள்ளை. அதுக்கு எப்பம் சங்கு ஊதப் போறாவளோ, பாவம்."

அவள் குரலில் பாவம் இருந்ததா இல்லையா என்று இப்போது யோசித்தால் இருந்தது என்றுதான் படுகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஊரில் மில்லில் ஊதுவதும் சங்கு, தொண்டையில் இருப்பதும் சங்கு, செத்தால் ஊதுவதும் சங்கு. எனக்கு ஊதப்போகிற சங்கை நானே ஊதிவிட்டுப் போகிறேன் என்று எழுந்தேன்.

கோயிலுக்கு ஊதுசங்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள் என்பதால் சித்தப்பா ஒரு சங்கை முனை அறுத்து வைத்திருந்தார். ஓரத்தில் கீறல் விழுந்ததால் அதை ஒதுக்கிப் போட்டிருந்தார். எடுத்து வாயில் வைத்தேன். குளியாள் சொன்னதுபோல மூச்சை அடக்கினேன், அடக்கினேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஊதினேன். முதல் தடவையிலேயே சத்தம் வந்துவிட்டது! பூம் என்று முற்றமே அதிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறுபடி ஊதினேன். மூன்றாவது தடவை ஊதியதும் கண் இருட்டிக் கீழே விழுந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்து, "ஐயோ, எம் பிள்ளை" என்று ஒரு கத்துக் கத்தினாள். சித்தப்பா என்னைத் தூக்கிச் சைக்கிள் ரிக்சாவில் போட்டு, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் பறந்தார்.

தெருவுக்குக் கேட்டது இரண்டு சத்தம். மூன்று தரம் சங்கு. அதற்குப் பின் தாயின் அலறல். இதற்கு மேல் என்ன வேண்டும்? மதினி மார்பில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுதாவ, ஆனா முடிஞ்சிட்டு. சங்குச் சத்தத்தை எங் காதால கேட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு எவன் சங்கு ஊதுவான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நம் லீடர் வீடும் அதே தெருதான். அன்று அவன் பள்ளிக்குப் பிந்திக் கிளம்பினான். தெருவில் கேட்டதை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, பெரிய டீச்சரிடம் நான் செத்துப்போனதைச் சொன்னான். டீச்சர் மணி அடித்தார். இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றீர்கள். பதிவேட்டில் என் பேரை அடித்தார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். நீங்கள் அத்தனை பேரும் நேராகக் கொடுக்காப்புளி பறிக்கப் போனீர்கள். பின்னால் எனக்கு எல்லாம் தெரியவந்தது.

டாக்டரம்மா ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் விசில் அடங்கியது. அவர் வெளியூர்க்காரர். குனிந்து பார்த்தவர் என் இமையை விரலால் தடவினார்.

"இது என்ன வெள்ளையா? மாவு மில்லிலயா குடியிருக்கீங்க?"

"சங்குத் தூளும்மா. நல்லதுதான்" என்றார் சித்தப்பா.

"யாருக்கு நல்லது?"

டாக்டரம்மா ஒன்றொன்றாகக் கேட்டார். சாணை, சாம்பிராணி, அடைத்த சன்னல், பித்தளைச் சட்டி எல்லாம் வெளியே வந்தன. சட்டிக் கதையைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபத்தை நான் என் வாழ்நாளில் ஒருத்தரிடம்தான் பார்த்திருக்கிறேன். அது நான்.

"இவளுக்குக் காத்து உள்ளே போகத்தான் செய்யுது. வெளியேதான் வரமாட்டேங்குது. ரொம்பின குடத்துல மேல மேல தண்ணி ஊத்தினா எப்படி? அதுல நீங்க குடத்தோட வாயை வேற அடைக்கிறீங்க."

நோயின் பேரே தப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இழுப்பு என்று சொல்லிச் சொல்லி, இழுப்பதுதான் கஷ்டம் என்று ஊரே நம்பிவிட்டது. கஷ்டம் விடுவதில் இருந்தது. குளியாள் சொன்னது அவர் உடம்புக்குச் சரி. என் உடம்புக்கு அது எமன்.

நான் சங்கு ஊதியதைச் சொன்னேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். "இளைப்பு இருக்கிறப்போ ஊதவே கூடாது. நெஞ்சு தெளிவா இருக்கிறப்போ உதட்டைக் குவிச்சு மெதுவா, நீளமா மூச்சை விட்டுப் பழகு. அப்புறம் வேணும்னா சங்கை ஊது. ஆனா மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது." இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் லீடர் தன் விளம்பரத்தில் விழுங்கிவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பினோம். சித்தப்பா வழியில் ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்திருந்தார். ரிக்சாவில் உட்கார்ந்து பாட்டிலோடு உறிஞ்சிக்கொண்டே தெருவில் நுழைந்தால், எங்கள் வாசலில் பெஞ்சு போட்டிருக்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுகிறார்கள். என் சாவுக்குத் துட்டி கேட்க வந்த கூட்டம். மதினிதான் முதலில் பார்த்தாள்.

"எம்மா! எந்திரிச்சுல்லா உக்காந்திருக்கா! கலரு குடிக்கா!"

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். "அப்பம் யாருக்கு ஊதுனாவ?"

"எனக்குத்தான். நான்தான் ஊதுனேன்" என்றேன்.

"தனக்குத் தானே சங்கு ஊதுன மூதேவிய நான் இப்பம்தாம்ளா பாக்கேன்" என்றாள் மதினி. சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். ஆள் அனுப்பிச் சொன்ன சாவுச் செய்தி கேட்டு அப்பா துறைமுகத்திலிருந்து ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பில்லை. என்னைப் பார்த்ததும் முற்றத்துச் சங்குக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகச் சாணையைப் பெயர்த்தார்.

சாணை கடற்கரைக் கொட்டகைக்குப் போனது. சித்தப்பா சாணையில் தண்ணீர் சொட்டவிட்டு, மூக்கில் ஈரத் துணி கட்டித் தேய்க்க ஆரம்பித்தார். அவருடைய இருமலும் குறைந்தது. அவருக்கும் இருமல் உண்டு என்பதே அதற்கு முன் யாருக்கும் உறைக்கவில்லை. அம்மா சாம்பிராணியை நிறுத்தினாள். விறகடுப்பைக் கொல்லையில் காற்று போகும் திசை பார்த்து மாற்றினாள். துடைப்பம் போய் ஈரத் துணி வந்தது. மாத்திரையை வேளை தவறாமல் முழுங்கினேன். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதற்காக நிறுத்தவில்லை.

காற்று எழும்புமுன் அப்பாவோடு கொட்டகைவரை நடப்பேன். முதல் நாள் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் ஊதினால் அபசகுனம் என்பதால், நெஞ்சு தெளிந்திருக்கும் நாட்களில் கொட்டகையில்தான் சங்கு ஊதுவேன். நான் ஒரு ஊது ஊதி முடிப்பதற்குள் அப்பா தரம் பிரித்த சங்குகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் போடுவார். முதலில் ஒரு ஊதலுக்கு நாலு சங்கு விழுந்தது. அப்புறம் ஏழு. ஒரு நாள் பதினொன்று விழுந்தது. அப்பா சாக்கை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் குளியாள் தோணியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"ஏளா, நீயா? ஹார்பர்ல கப்பலு வந்துட்டுன்னுல்லா நெனச்சேன்!"

"ஒம்ம பேச்சைக் கேட்டுப் பிள்ளையக் கொன்னுருப்பேன்வே" என்றார் அப்பா.

"நான் கடலுக்குள்ள இருக்கதுக்குல்லா சொன்னேன். நீரு சட்டிக்குள்ள முக்குவீருன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

ஆடி முடிய மூன்று நாள் இருந்தது. பிரேயர் நேரத்துக்கு அப்பா என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். நீங்கள் எல்லாரும் வரிசையில் நின்றீர்கள். உங்களில் சிலர் "பேய்" என்று கத்தினீர்கள். நான் பிழைத்தது ஊருக்கெல்லாம் தெரிந்தும் கத்தினீர்கள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"செத்துட்டான்னு பேரை அடிச்சாச்சே அண்ணாச்சி. இனும என்ன செய்ய?"

"அடிச்ச பேரைத் திரும்ப எழுதுங்க டீச்சர். பிள்ளை நிக்கால்லா."

"நான் சொன்னது சொன்னதுதான். முதல்ல உறுதிமொழி."

உறுதிமொழி சொல்வது லீடர் வேலை. அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். முகம் செத்திருந்தது. நான் முன்னால் நின்று ஆரம்பித்தேன். ஒரு வரி நான் சொல்ல, பள்ளி முழுக்கத் திருப்பிச் சொன்னது. நீங்கள் சொல்கிற நேரத்தில் நான் உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக வெளியே விட்டேன். அது உங்கள் யாருக்கும் தெரியாது. பாதியில் காற்று ஒரு சுழி போட்டு மைதானத்துப் புழுதியை என் முகத்தில் அடித்தது. நெஞ்சு பிடித்தது. டீச்சர் போதும் என்பதுபோலக் கையைத் தூக்கினார். நான் முழங்காலில் கையூன்றிக் குனிந்து, உள்ளே இருந்ததை எல்லாம் மெல்ல மெல்ல வெளியே தள்ளினேன். பிறகு நிமிர்ந்து, விட்ட வரியிலிருந்து சொன்னேன். முன்னைவிடச் சத்தமாகச் சொன்னேன். கடைசி வரி தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

டீச்சர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே நின்று என் பேரை மறுபடி எழுதினார். நான் ஜெயித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அந்தப் பேரை அதற்குப் பிறகு எவரும் அடிக்கவில்லை. படித்து டீச்சராகி, முப்பத்தாறு வருஷம் மைக் இல்லாமல் பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சுக்காரன் கேட்கவில்லை என்று சொன்னதில்லை.

இழுப்பு என்னை விட்டுப் போகவில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குக் கீழே அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். என் கைப்பையில் எப்போதும் பம்பு இருக்கிறது. டாக்டர் சொன்ன வேளைக்கு இழுத்துக்கொள்கிறேன். லாரிப் புழுதி இருந்தால் மூக்கை மூடிக்கொள்கிறேன். காலையில் நடக்கிறேன். நெஞ்சு தெளிவாக இருக்கிற நாளில் சங்கு ஊதுகிறேன். தூதுவளைத் துவையலும் தின்கிறேன், நாக்குக்கு நன்றாக இருக்கிறது. இவை எல்லாம் எனக்குத் துணை. மருந்தின் இடத்தில் இதில் எதையும் நான் உட்காரவைத்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தாய் என் வீட்டைத் தேடி வந்தாள். கூட எட்டு வயதுப் பெண். கையில் புதுச் சங்கு. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊதணும் டீச்சர்? கடையில சொன்னாவன்னு பம்பை நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு" என்றாள். பிள்ளையின் நெஞ்சில் விசில் எனக்கு வாசலிலேயே கேட்டது. பேசிக்கொண்டு நிற்காமல் ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முகத்தில் மருந்துப் புகை வைத்தார்கள். சாயங்காலம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து மக்ரூன் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். தின்றாள். பிழைத்துவிட்டாள். பம்பும் திரும்ப அவள் பைக்குள் வந்துவிட்டது.

இது ஒரு பிள்ளை. மற்றவர்கள்?

லீடரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் கூட்டத்துக்கு நாம் எல்லாரும் வருகிறோம். அந்தத் தாயையும் வரச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் உட்காருவாள். எனக்குத் தனியாகப் போன் போடாதே, எடுக்கமாட்டேன். குழுவில் கும்பிடு பொம்மை போட்டு மழுப்பாதே. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல். பம்பை நிறுத்தச் சொன்னது நீதானா? இன்னும் எத்தனை வீட்டில் அப்படிச் சொன்னாய்? எந்தெந்த வீடு?